ஏழாம் வாய்ப்பாடும் அடிபிடித்த சோறும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பள்ளிக்கூடம் திறந்து இரண்டு மாதம் ஆகியிருந்த சமயம். சித்தூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டினாற்போல ஒரு சின்ன ஊர். அங்கே உள்ள தமிழ் வழி ஆரம்பப் பள்ளியில் நான் ஆசிரியை. 'ஆசிரியைகளில் ஒருத்தி' என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அங்கே தலைமை ஆசிரியை, வகுப்பு ஆசிரியை, குமாஸ்தா எல்லாமே நான் ஒருத்திதான். ஐந்து வகுப்புகள், பத்தொன்பது பிள்ளைகள், ஒரே அறை.

அதற்கு முந்தின வருடம் வரை இரண்டு பேர் இருந்தோம். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று கணக்குக் காட்டி இன்னொரு ஆசிரியையை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். அவரும் நானும் அப்படியொன்றும் உயிர்த் தோழிகள் இல்லை. ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதற்கே சண்டை போட்டிருக்கிறோம். ஆனால் அவர் போன பிறகுதான் தெரிந்தது, சண்டை போடவாவது ஓர் ஆள் வேண்டும் என்பது. என் மேஜைக்கு எதிரே அவருடைய நாற்காலி காலியாகக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட முடியாமல், பழைய பாடப் புத்தகங்களைக் கட்டி அதன்மேல் வைத்தேன்.

என் கணவரும் மகளும் திருப்பதியில் இருக்கிறார்கள். அவருக்கு அங்கே வேலை, மகளுக்கு அங்கே கல்லூரி. நான் சித்தூரில் ஓர் அறை வாடகைக்கு எடுத்துத் தங்கி, சனிக்கிழமை சாயங்காலம் திருப்பதி பஸ் பிடித்து, ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிடுவேன். ஆக, வாரத்தில் ஆறு நாள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் கிடையாது. பிள்ளைகளுக்கு நான் டீச்சர், வாட்ஸ்அப் குழுவுக்கு நான் மேடம், கண்டக்டருக்கு நான் 'உள்ளே போம்மா'.

இதற்கு நடுவில் செல்போன். காலை ஒன்பது மணிக்குள் அதில் என் முகத்தைக் காட்டி வருகையைப் பதிய வேண்டும். கண்ணாடி போட்டிருந்தால் அது என்னை நான் என்று ஒத்துக்கொள்ளாது. கழற்றினால் எதை அழுத்துவது என்று எனக்குத் தெரியாது. இணையம் கிடைப்பதோ கொடிக்கம்ப மேடையில் மட்டும். சில நாள் அங்கேயும் எல்லைக்கு அந்தப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொண்டு, தமிழ்நாட்டுக்கு நல்வரவு என்று செய்தி வரும். அதைப் பார்த்தால் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

முகம் முடிந்தால் கழிவறையைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். பிறகு முட்டை எத்தனை வந்தது, எத்தனை உடைந்தது, எந்தப் பிள்ளைக்கு எந்த அளவு ஷூ, யாருக்குப் புத்தகப் பை கிழிந்தது. நடுவில் பயிற்சி வீடியோக்கள் வேறு, எல்லாம் தெலுங்கில். எனக்குத் தெலுங்கு பேசத் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் பேசுவதும் பரீட்சை எழுதுவதும் ஒன்றா? நிலுவையில் உள்ளவர்கள் பட்டியல் தினமும் குழுவில் வரும். என் பள்ளியின் பெயர் பெரும்பாலும் மூன்றாவது வரியில் சிவப்பு எழுத்தில் இருக்கும்.

அதற்கு முன்பெல்லாம் நான் தொண்டை திறந்து பாடம் நடத்துகிறவள். பத்தரை மணி இடைவேளை முடிந்ததும் வாய்ப்பாடு. இரண்டிலிருந்து பன்னிரண்டு வரை நான் முன்னே சொல்ல, பிள்ளைகள் பின்னே சொல்வார்கள். அப்புறம் கை தட்டி ஒரு பாட்டு. சாப்பாட்டு மணிக்கு முன் ஒரு கதை. கதைகளை நானே இட்டுக்கட்டுவேன், ஒன்றை ஒரு வாரம் இழுப்பேன். இந்தத் தடவை பள்ளி திறந்த புதிதில் ஒரு கழுதைக் கதையைத் தொடங்கினேன். சந்தைக்குத் துணி மூட்டை சுமந்து போன கழுதை, பாதி வழியில் மூட்டையோடு நடு ரோட்டில் உட்கார்ந்துவிடுகிறது. அந்த இடத்தில் போன் அடித்தது. ஏதோ அவசர விவரம், உடனே வேண்டுமாம். மேடைக்கு ஓடினேன். கதை அங்கேயே நின்றுபோனது.

அதன் பிறகு மெல்ல மெல்ல எல்லாமே நின்றுபோனது. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு, 'இந்தப் பக்கத்தைப் பார்த்து எழுதுங்கள்.' சின்னதுகளுக்கு, 'அ முதல் ஃ வரை பத்துத் தடவை.' எழுதச் சொல்லிவிட்டு நான் செல்போனோடு உட்கார்ந்துவிடுவேன். யாராவது கேள்வி கேட்டால் எரிந்து விழுவேன். அதனால் கேட்பதை விட்டுவிட்டார்கள். ஒரு பிள்ளையின் அப்பா வாசல் வழியாகப் போகும்போது எட்டிப் பார்த்து, "இப்பதான் ஸ்கூலு ஸ்கூலு மாதிரி கீது, இன்னா அமைதி!" என்று பாராட்டிவிட்டுப் போனார். எனக்கு அவர்மேல் ஏனென்று தெரியாமல் கோபம் வந்தது.

விருப்ப ஓய்வுக்கு விண்ணப்பம் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். தேதி மட்டும் போடவில்லை. கணவரிடம் போனில் சொன்னபோது, "கொஞ்சம் பொறுத்துக்கோ, கவுன்சிலிங் வந்தால் மாற்றல் கிடைக்கும்" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் எனக்கு அன்று வேண்டியிருந்தது மாற்றல் இல்லை. இன்றைக்கு என்ன நடந்தது என்று ஒருவர் கேட்டால் போதும் என்றிருந்தது.

இனி சமையல்கார அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வயதுதான் இருக்கும். ஒன்பது வருடமாக அந்தப் பள்ளியில் மதிய உணவு சமைக்கிறவர். கணவர் இல்லை, பிள்ளை இல்லை. ஊர் மகளிர் குழு மூலம் கிடைத்த வேலை. சமையல் கொட்டகை எங்கள் வகுப்பறையின் பின்சுவரை ஒட்டினாற்போல இருக்கும், நடுவில் காற்றுக்கு விட்ட ஓட்டைச் செங்கல்கள். என் போனில் அவர் 'குக் கம் ஹெல்பர்' என்ற பதவிப் பெயர்தான். நேரில் 'இந்தாம்மா'. ஒன்பது வருடத்தில் முட்டை, அரிசி, பருப்பு தவிர நாங்கள் பேசிய வேறு பேச்சு எனக்கு நினைவில்லை. தனிமை தனிமை என்று மனசுக்குள் புலம்பிக்கொண்டிருந்த எனக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் இருப்பது ஒரு நாளும் கணக்கில் வரவில்லை.

அவர் சமையலில் அதுவரை குறை சொல்ல முடியாது. பிள்ளைகளுக்கு முன் நான் ருசி பார்க்க வேண்டும் என்பது விதி. பார்ப்பேன், போனில் 'நன்று' என்று அழுத்துவேன். ஒன்பது வருடமும் நன்றுதான். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் சோறு கெட ஆரம்பித்தது. ஒரு நாள் களி மாதிரி குழைந்திருக்கும். இன்னொரு நாள் அடிபிடித்து நாறும். சாம்பாரில் கத்தரிக்காய் இருந்த அடையாளமே இருக்காது. பிள்ளைகள் சோற்றை ஒதுக்கிவிட்டு முட்டையை மட்டும் தின்றுவிட்டு எழுந்தார்கள். நான் கேட்டால் அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "நாளிக்கு பாத்துக்கறேன் டீச்சரம்மா" என்பார். நாளைக்கும் அப்படியேதான் இருக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் வீடியோ கூட்டம். நிலுவைப் பட்டியலை வாசித்த அதிகாரி, மண்டலத்து ஆசிரியர்கள் அத்தனை பேர் முன்னாலும் என் பள்ளியைச் சொல்லி, "அங்கே என்ன தூங்குகிறீர்களா?" என்று தெலுங்கில் கேட்டார். கொடிக்கம்ப மேடையில் வெயிலில் நின்றபடி, இல்லை சார், இல்லை சார் என்று சொன்னேன். பாதியில் தொடர்பு அறுந்துவிட்டது. நான் சொன்னது யாருக்கும் போய்ச் சேர்ந்திருக்காது.

அன்று மதியம் சோறு கருகியிருந்தது. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்க, அவர்கள் முன்னாலேயே அந்த அம்மாவைத் திட்டினேன். "வேலை செய்ய இஷ்டமில்லை என்றால் சொல்லிவிட்டுப் போம்மா, பிள்ளைகள் வயிற்றில் ஏன் அடிக்கிறாய்?" என்று கத்தினேன். அதோடு விடவில்லை. மேடைக்குப் போய், உணவின் தரம் என்ற இடத்தில் 'மோசம்' என்று அழுத்தினேன். காரணம் கேட்டது, 'தொடர்ந்து கவனக்குறைவு' என்று எழுதினேன். உண்மையைச் சொன்னால், அழுத்தும்போது கொஞ்சம் சுகமாக இருந்தது. எனக்கு மேலே உள்ளவர்கள் எல்லோரும் என்னை அழுத்த, எனக்குக் கீழே அழுத்துவதற்கு அந்த ஒரு அம்மாதான் இருந்தார்.

புதன்கிழமையே போன் வந்துவிட்டது. மண்டலக் கல்வி அதிகாரி வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வருகிறாராம். புகார் உண்மை என்றால் சமையல் வேலையை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவார்கள். மகளிர் குழுவில் அதற்கு வேறு ஓர் அம்மா தயாராகவே இருந்தார். இத்தனை வேகமாக இவர்கள் எதற்கும் அசைந்து நான் பார்த்ததில்லை. வகுப்பறைக் கூரை ஒழுகுகிறது என்று நான் போட்ட புகைப்படத்துக்கு அன்றுவரை பதில் இல்லை.

வியாழக்கிழமை சாப்பாடு முடிந்து பிள்ளைகள் விளையாடப் போயிருந்தார்கள். அந்த அம்மா வகுப்பறை வாசலில் வந்து நின்றார். ஒன்பது வருடத்தில் அந்த வாசற்படியை அவர் தாண்டியதில்லை, அன்றும் தாண்டவில்லை. வேலை போகாமல் காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சுவார் என்று நினைத்து, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டேன்.

"டீச்சரம்மா, ஒடம்புக்கு இன்னா? தொண்ட எதனா கட்டிக்கினுதா?" என்றார்.

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். சோறு ஏன் கருகியது என்று கேட்டால் என் தொண்டையைப் பற்றி உனக்கென்ன என்று சீறினேன். அவர் கோபப்படவில்லை. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"எங்கிட்ட கெடியாரம் ஏது டீச்சரம்மா? உங்க கொரலுதான் எனக்கு டைமு. ரெண்டாம் வாய்ப்பாடு ஆரமிச்சா ஒல வெப்பேன். தெருக்கொழாயாண்ட தண்ணி புடிக்கப் பூடுவேன், அங்க வரைக்கும் உங்க கொரலு கேக்கும். ஏழாம் வாய்ப்பாடு வந்தா ஓடியாந்து அரிசி போடுவேன். பாட்டு முட்சதும் வடிச்சிருவேன். நீங்க கத சொல்லிக்கினு இருக்க சொல்ல சாம்பாரு தாளிச்சிருவேன். ஒம்பது வருசமா இப்டிதான்."

ஒன்பது வருடம் சமைத்தவருக்குச் சோறு வெந்தது கண்ணால் பார்த்தால் தெரியாதா என்று கேட்டேன். கேள்வி என் காதுக்கே அற்பமாகக் கேட்டது.

"பாத்தா தெரியும். பக்கத்துல இருந்தாத்தான? நீங்க பேசலன்னதும் மனசே நிக்கல. டீச்சரம்மாவுக்கு இன்னா ஆச்சோ, ஏது ஆச்சோன்னு செவுத்தாண்ட வந்து காது வெச்சிகினு நிப்பேன். அந்தாண்ட அடி புடிச்சிக்கும்." கூடவே சொன்னார், "வூட்டாண்ட எங்கிட்ட பேச யாரு கீறாங்க? காலைல இருந்து மத்தியானம் வரைக்கும் உங்க பேச்சுதான் கேட்டுக்கினு இருப்பேன். அது பூட்ச்சி."

நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. சிவப்பு எழுத்தில் என் பள்ளியின் பெயரைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். நான் பேசாததைக் கவனித்தவர் இந்த அம்மா ஒருத்தர். அவர்மேல்தான் நான் செவ்வாய்க்கிழமை போனில் புகார் ஏற்றி அனுப்பியிருந்தேன்.

திரும்பிப் போகப் போனவர், தயங்கி நின்றார்.

"அந்தக் கழுத எழுந்துச்சா டீச்சரம்மா?"

எந்தக் கழுதை என்று ஒரு கணம் எனக்கே புரியவில்லை.

"நடு ரோட்ல குந்திக்கினுச்சே, மூட்டையோட. பசங்களும் கேட்டுக்கினே இருந்துச்சிங்க. டீச்சரம்மா போன்ல கீறாங்க, தொந்தரவு பண்ணாதீங்கன்னு நாந்தான் அதட்டி வெச்சேன்."

அன்று சித்தூருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். எதற்கு அழுதேன் என்று இன்று கேட்டால், பாதி வெட்கம், பாதி நிம்மதி என்றுதான் சொல்வேன்.

வெள்ளிக்கிழமை காலை முகத்தை மட்டும் பதிந்துவிட்டுச் செல்போனை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன். இடைவேளை முடிந்ததும் பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி வாய்ப்பாட்டைத் தொடங்கினேன். இரண்டு மாதம் பேசாத தொண்டை, மூன்றாம் வாய்ப்பாட்டிலேயே கரகரத்தது. பிள்ளைகள் முதலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு கூரை பிய்ந்துகொள்கிற மாதிரி கத்தினார்கள். ஏழாம் வாய்ப்பாடு பாதியில் இருக்கும்போது வெளியே யாரோ குடத்தோடு வேகமாக ஓடி வரும் சத்தம். அடுத்து, சுவருக்கு அந்தப் பக்கம் கொதிக்கிற தண்ணீரில் அரிசி விழும் சத்தம். ஒன்பது வருடமாகத் தினமும் இந்தச் சத்தம் வந்திருக்க வேண்டும். நான் கேட்டது அன்றுதான். ஏழெட்டு எவ்வளவு என்று சொல்ல வராமல் நின்றேன். பிள்ளைகள்தான் 'ஐம்பத்தாறு' என்று எடுத்துக் கொடுத்தார்கள்.

அதிகாரி பதினொன்றரைக்கு வந்தார். தலைமுடி பாதி நரைத்த, களைத்துப்போன மனிதர். உட்கார்வதற்குள் அவர் போன் இரண்டு தடவை அடித்தது. தவறு என்னுடையது, சமையல்கார அம்மாமேல் எந்தக் குற்றமும் இல்லை என்றேன். அப்படியென்றால் எழுதிக் கொடுங்கள் என்றார். என் அரைகுறைத் தெலுங்கில் எழுதினேன்: 'இரண்டு மாதமாக நான் வாய் திறந்து பாடம் நடத்தவில்லை. உணவு கெட்டதற்கு அதுவே காரணம்.'

வாசித்துவிட்டு, "ஏமி மேடம் இதி?" என்று, இது என்ன என்பது போலக் கண்ணாடியைக் கழற்றினார். விளக்கிச் சொன்னேன். குழந்தைக்குச் சொல்வது மாதிரி பொறுமையாகச் சொன்னார்: ஒரு தடவை மோசம் என்று பதிவானால் யார் மேலாவது நடவடிக்கை காட்டியே ஆக வேண்டும். சமையல் ஆள்மேல் இல்லை என்றால் உங்கள்மேல். இப்படி எழுதினால் உங்கள் பணிப் பதிவேட்டில் ஏறும். தவறுதலாக அழுத்திவிட்டேன் என்று எழுதினால் ஒரு மெமோவோடு போகும்.

நான் வீராங்கனை எல்லாம் இல்லை. பயம் வந்தது. முதல் தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, அவர் சொன்ன மாதிரியே இன்னொன்று எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மா வேலையில் நீடிப்பார் என்று அவர் குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து அவரும் சாப்பிட்டார். சோறு பூவாக இருந்தது. இரண்டாம் தடவை சாம்பார் கேட்டு வாங்கிக்கொண்டார். கை கழுவும்போது, என்னைப் பார்க்காமலே, "நா ஆபீஸுலோ எவரூ மாட்லாடரு மேடம், அந்தா போனே" என்றார். என் அலுவலகத்தில் யாரும் பேசுவதில்லை, எல்லாம் போன்தான் என்று அர்த்தம். அதற்குள் போன் அடித்தது. பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். செவ்வாய்க்கிழமை என்னைத் தூங்குகிறீர்களா என்று கேட்டவர் அவர்தான்.

மெமோ பத்து நாளில் வந்தது. கவனக்குறைவு என்று என்னைத்தான் சொல்லியிருந்தது. அதில் ஒரு நியாயம் இருந்ததால் பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். எதிர் நாற்காலி இன்னும் காலிதான். பிள்ளைகள் பதினான்கு பேராகக் குறைந்துவிட்டார்கள், அடுத்த வருடம் பள்ளியையே வேறு பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு. சிவப்பு எழுத்தில் என் பள்ளி இப்போது இரண்டாவது வரியில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திருப்பதி பஸ் நிலையத்தில் மகள் கையசைத்துவிட்டுத் திரும்பியதும், பஸ் வளையும் வரை ஜன்னல் வழியே அவள் முதுகையே பார்த்துக்கொண்டு போகிறேன், அதுவும் மாறவில்லை. விருப்ப ஓய்வு விண்ணப்பம் பையில்தான் இருக்கிறது, தேதி போடாமல். அதோடு அன்று மடித்து வைத்த அந்தத் தாளும்.

ஆனால் நாற்காலிமேல் இருந்த புத்தகக் கட்டை இறக்கிவிட்டேன். சாப்பாடு முடிந்ததும் அந்த அம்மா பாத்திரம் கழுவிவிட்டுப் பத்து நிமிடம் அதில் வந்து உட்கார்கிறார். முதல் நாள் உட்கார வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்போது அவர் பெயரைச் சொல்லி நான் கூப்பிடுகிறேன். என் பெயரைச் சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை, டீச்சரம்மாதான். கழுதை எழுந்துவிட்டது. ஆனால் சந்தைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை, மூன்று வருடமாக வழியில் அதற்கு நடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

யாருமே கேட்கவில்லை என்று நினைத்து இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான். இன்று தொண்டை கட்டினாலும், தலைக்குமேல் வேலை கிடந்தாலும், ஏழாம் வாய்ப்பாட்டை மட்டும் ஒரு நாளும் விடுவதில்லை, ஏனென்றால் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்.